மூங்கில் நட்டால் பூங்காவில் சாலைச் சத்தம் குறையுமா?

கேள்வி கேட்டவர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் பஸ் போகிற சாலையை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா போட்டிருக்கிறார்கள். புல்தரை, குரோட்டன், செம்பருத்தி, இன்டர்லாக் கல் பாதை, பெஞ்ச் எல்லாம் உண்டு. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் உட்காருவதில்லை. போனில் ஒரு ஆப் போட்டுச் சத்தத்தை அளந்திருக்கிறார். பாலக்காடு கோட்டையை ஒட்டியிருக்கும் வாடிகா பூங்காவுக்குப் போனபோது அங்கேயும் அளந்திருக்கிறார். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை, இங்கே உட்காரவே முடியவில்லை என்கிறார். சாலையோரம் ஒரு வரிசை மூங்கில் நட்டால் சரியாகுமா, ஒரு பவுண்டன் வைக்கலாமா, ஸ்பீக்கரில் பறவைச் சத்தம் போடலாமா என்று கேட்கிறார். மூங்கிலுக்கும் பவுண்டனுக்கும் பதில் சொல்வது சுலபம். ஆனால் அவரை உண்மையில் குடைவது, ஒரே அளவு சத்தம் உள்ள இரண்டு இடங்களில் ஒன்று இதமாகவும் இன்னொன்று எரிச்சலாகவும் இருப்பது ஏன் என்பதுதான். அதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் செடி, மரம், தரை, பாதை எல்லாம் சேர்த்துப் பூங்கா வடிவமைக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று பாலக்காட்டுக் கணவாயைச் சுற்றித்தான் என் வேலை. காது மருத்துவம் எனக்குத் தெரியாது. சத்தத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்ற பகுதிக்குள் நான் போகப் போவதில்லை. உங்கள் இடத்தை நேரில் பார்க்காமல் எழுதுவதால் பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆப். போன் மைக் மனிதக் குரலுக்காகச் செய்தது. ஒரே போனில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓரளவு உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள். பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சத்தத்தை அளக்கும் வழக்கமான டெசிபெல் அளவு நம் காதின் கூர்மைக்கு ஏற்ப அடித்தொனிகளை, அதாவது கனத்த, ஆழமான ஒலிகளை, குறைத்துக் கணக்கிடுகிறது. அதனால் ஸ்டாண்டில் நின்றபடி உறுமும் பஸ்ஸின் அதிர்வு எண்ணில் சரியாக ஏறாது. அது நெஞ்சில்தான் தெரியும். அப்புறம், சராசரி என்பது பலதை மறைக்கும். தூரத்துச் சாலையின் ஒரே சீரான இரைச்சலும், நடுநடுவே அமைதியும் திடீர் ஏர் ஹாரனுமாக இருக்கும் இடமும் ஒரே சராசரியைத் தரலாம். முதலாவதை மனம் சீக்கிரம் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டாவதில் அடுத்த ஹாரன் எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பூங்காவில் பத்து நிமிடம் தாங்காததற்கு இதுவே முதல் காரணமாக இருக்கும் என்று என் ஊகம். பலதொனி ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருக்கின்றன. பொள்ளாச்சி–பாலக்காடு ரூட்டில் ஒரு நாள் பயணம் செய்தவருக்கு அந்த விதியின் கதி தெரியும்.

டெசிபெல் கணக்கில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஒரு பஸ்ஸுக்குப் பதில் அதே மாதிரி இரண்டு பஸ் ஒரே நேரத்தில் ஓடினால் 3 டெசிபெல் கூடும். சத்தம் இரட்டிப்பானது போலக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். ஆகவே யாராவது ஏதோ ஒன்றை நட்டால் 2 டெசிபெல் குறையும் என்றால், அது பெரும்பாலும் காதுக்கே தெரியாத வித்தியாசம். சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழில், வணிகம், குடியிருப்பு, அமைதி மண்டலம் என்று நான்கு வகைதான் வைத்திருக்கின்றன. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல். அமைதி மண்டலத்துக்கு 50, 40. பூங்காவுக்கென்று தனி வகை கிடையாது. பக்கத்தில் மருத்துவமனையோ பள்ளியோ கோர்ட்டோ 100 மீட்டருக்குள் இருந்தால் ஒரு பிடிமானம் கிடைக்கலாம்.

எண் ஒன்றாக இருந்தும் அனுபவம் வேறாக இருப்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. கனடாவின் இசையமைப்பாளர் ஆர். மர்ரே ஷேஃபரும் அவர் கூட்டாளிகளும் 1970களிலேயே ஓர் ஊரின் சத்தங்களை நிலக்காட்சியைப் பார்ப்பது போலக் கேட்டுப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 2014இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட 12913 தரநிலை இதை முறைப்படுத்தியது. ஓர் இடத்தின் ஒலிச்சூழல் என்பது அங்கே இருக்கும் மனிதர் அதை அந்தச் சூழ்நிலையில் எப்படி உணர்கிறார், எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதைச் சேர்த்தது என்று அது சொல்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2010இல் இதற்கு இரண்டு அச்சுகளைக் கண்டார்கள். ஒன்று இதமா, எரிச்சலா; மற்றது நிறைய நடக்கிறதா, ஒன்றுமே நடக்கவில்லையா. எரிச்சலாக நிறைய நடந்தால் அது குழப்பம். இதமாக நிறைய நடந்தால் அது கலகலப்பு. இதமாகக் கொஞ்சமே நடந்தால் அமைதி. ஒன்றும் நடக்காமல், இதமும் இல்லாமல் இருந்தால் சலிப்பு. கல்பாத்தித் தேர்த்திருவிழா அன்றைக்கோ நெம்மாறை வேலா திருவிழா வாணவேடிக்கையிலோ மீட்டர் வைத்தால் எண் எங்கேயோ போகும். அதைக் கேட்கத்தான் சனம் கிளம்பி வருகிறது. அதே சத்தம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் வந்தால் போலீஸுக்குப் போன் போகும்.

வாடிகாவில் உங்களுக்குக் கிடைத்தது அமைதி என்ற வகை. எண் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் அந்த எண்ணுக்குள் இருந்த சரக்கு வேறு. கிளி, காற்றில் இலை, யாரோ நடக்கும் சத்தம், தூரத்துச் சாலை எல்லாம் சேர்ந்து அந்த எண். உங்கள் ஊரில் அந்த எண் முழுக்கவே சாலை. ஒரு பூங்காவில் பகல் நேரச் சாலைச் சத்தம் மட்டும் 50 டெசிபெலுக்குக் கீழே இருந்தால்தான் மக்கள் அதன் ஒலிச்சூழலை நல்லது என்று சொல்கிறார்கள் என ஸ்வீடனில் கண்டார்கள். நம் ஊர்ச் சாலையோரத்தில் அது நடக்கிற காரியமில்லை. சத்தத்தைக் குறைப்பதில் நமக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். கேட்கிறவற்றில் நல்லதைக் கூட்டுவதில்தான் நிறைய இடம் இருக்கிறது. என் பதிலின் மீதியெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சரி, மூங்கில். ஒரு வரிசை மூங்கில் சாலைச் சத்தத்தைத் தடுக்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வெளியில் ஒலி எப்படிக் குறைகிறது என்று கணக்கிடுவதற்கு 1996இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9613 இரண்டாம் பாகத்தில் இலைத்தொகுதிக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு அடர்ந்த இலைகள் 10 முதல் 20 மீட்டர் வரை இருந்தாலும் 1000 ஹெர்ட்ஸில் 1 டெசிபெல்தான் குறையும் (ஹெர்ட்ஸ் எண் கூடக்கூடத் தொனி உயரும்). எஞ்சின் உறுமும் 63, 125 ஹெர்ட்ஸில் பூஜ்யம். அதற்கு மேல் ஆழம் கூடினால் 1000 ஹெர்ட்ஸில் மீட்டருக்கு 0.06 டெசிபெல். 30 மீட்டர் அடர்ந்த தோப்பு வைத்தாலும் 2 டெசிபெல் தேறாது. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். ஒரு விரல் அகல மூங்கில் இலை அதை என்ன செய்யும்? அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். உச்சத் தொனிகளைத்தான் இலைகள் கொஞ்சம் சிதறடிக்கும்.

இப்போது இதைப் பாருங்கள். வண்டிகள் தொடர்ந்து ஓடும் சாலையிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 3 டெசிபெல் குறையும். சாலையிலிருந்து 5 மீட்டரில் இருக்கும் பெஞ்சை 20 மீட்டருக்குத் தள்ளினால் 6 டெசிபெல். நாலு ஆளும் ஒரு கடப்பாரையும் போதும். நம் பூங்காக்களில் பெஞ்சுகளை ஏன் வேலியோரமாகச் சாலையைப் பார்த்துப் போடுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியாத ரகசியம். நடுவில் ஒரு சிலையோ கொடிக்கம்பமோ வேண்டும் என்பதால் இருக்கலாம்.

சத்தத்தை உண்மையாகவே குறைப்பவை கனமான தடையும் பொலபொலப்பான தரையும்தான். சத்தம் வரும் இடத்துக்கும் காதுக்கும் நடுவே நேர்ப்பார்வையை மறைக்கிற அளவுக்கு ஒரு மண்மேடோ சுவரோ இருந்தால் சுமார் 5 டெசிபெல் கிடைக்கும். இன்னும் உயர்த்தினால் 10 வரை போகலாம், அதற்கு மேல் போராட வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து 1.2 மீட்டர் அளவில் இருக்கிறது. அதனால் இரண்டு மீட்டர் மேடே நல்ல வேலை செய்யும். மேடு சாலையை ஒட்டியோ பெஞ்சை ஒட்டியோ இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் பலன் குறைவு. இடைவெளி இருந்தால் சத்தம் அதன் வழியே வந்துவிடும், ஆகவே வாசலை நேராகத் திறக்காமல் வளைத்துக் கொண்டுபோங்கள். பாலக்காடு கோட்டைக்குள் காலையில் போய்ப் பாருங்கள். 1766இல் ஹைதர் அலி காலத்தில் எழுந்த கனத்த கருங்கல் மதில், அதைச் சுற்றி அகழி. வெளியே ஊர் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே மரத்தடியில் அது கீழிறங்கிக் கேட்கும். பீரங்கிக்காகக் கட்டியது நமக்கு இப்படி உதவுகிறது. வெறும் சிமெண்ட் சுவர் கட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அது சத்தத்தை எதிர்வரிசை வீடுகளுக்குத் திருப்பிவிடும். சண்டை வரும். மண்மேட்டில் அந்தப் பிரச்சினை குறைவு.

தரை விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. இன்டர்லாக் கல்லும் கான்கிரீட்டும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். மிதிபட்டு இறுகாத மண், புல், சருகு மூடிய தரை நடுத்தொனிகளில் கணிசமாக உறிஞ்சும். அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் சத்தம் குறைவது போலிருப்பதில் மரத்தைவிட மரத்தடி மண்ணுக்குப் பங்கு அதிகம். தினமும் சருகைப் பெருக்கித் தீ வைப்பதைச் சுத்தம் என்று நினைக்கிற வழக்கத்தை நிறுத்தினாலே தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். பாதை கெட்டியாக இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கும் முழங்கால் வலிக்கும் அது தேவை. மீதி இடத்தில் கல் வேண்டாம்.

சந்தேகத்துக்குரிய பகுதி ஒன்று உண்டு. சத்தம் குறையாவிட்டாலும் பச்சையைப் பார்த்தால் எரிச்சல் குறையும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதற்கு ஆதரவான ஆய்வுகள் இருக்கின்றன. எதிரானதும் இருக்கிறது. 1990களின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வில், செடிகள் சாலையை மறைத்த இடத்தில் மக்களுக்குச் சத்தம் இன்னும் உறைத்தது. வண்டி கண்ணில் படாததால் அமைதியை எதிர்பார்க்கிறார்கள், எதிர்பார்ப்பு பொய்த்ததும் எரிச்சல் கூடுகிறது என்று அதற்கு விளக்கம் சொல்லலாம். நான் இரண்டு மாதிரியும் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டம் சீராக இருக்கும் இடத்தில் மறைப்பு நல்லது. ஹாரன் அதிகமுள்ள இடத்தில், பஸ் வருவது கொஞ்சம் கண்ணில் பட்டால் திடுக்கிடுவது குறைகிறது. இது என் அனுபவம் மட்டுமே, சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் மரமும் மூங்கிலும் எதற்கு என்றால், அவற்றின் சொந்தச் சத்தத்துக்கு. நாம் இருக்கும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மழைக்காற்று இந்த வழியாகத்தான் பாய்கிறது. கார்த்திகையில், மலையாளிகள் விருச்சிகக் காற்று என்று சொல்லும் காலத்தில், கிழக்கிலிருந்து வறண்ட காற்று ஜன்னலை அடிக்கும். காற்றுக்கு இவ்வளவு வாய்ப்புள்ள ஊரில் குரோட்டனும் செம்பருத்தியும் மட்டும் வைப்பது பெரிய வீண். ஒவ்வொரு மரமும் காற்றை ஒவ்வொரு விதமாக வாசிக்கும். அரசிலைக்குக் காம்பு நீளம், நுனியும் நீளம். மற்ற மரங்கள் அசையாமல் நிற்கிற மெல்லிய காற்றிலும் அது சலசலக்கும். எனக்கு ஒரே ஒரு மரம் நட அனுமதி கிடைத்தால் அரசுதான், கட்டடத்திலிருந்து தள்ளி. சவுக்கு சலசலக்காது, ஊசி போன்ற இழைகளில் காற்று உரசி ஒரு நீண்ட ஓலம் எழும். கடற்கரைக்குப் போய் வந்தவர்களுக்கு அது கடலாகக் கேட்கும். பனை வேறு ஜாதி. அந்தக் காய்ந்த மட்டை ஓலைகள் விருச்சிகக் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது இந்த மாவட்டத்தின் அடையாளச் சத்தம். புதிதாக நட்டால் உங்கள் பேரன் கேட்பான். இடத்தில் ஏற்கெனவே பனை நின்றால் அதை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மட்டை விழும் வட்டத்துக்குள் பெஞ்ச் போடாதீர்கள். வாகையின் காய்ந்த நெற்றுகள் கோடையில் கிலுகிலுக்கும். மூங்கில் இரண்டு சத்தம் தரும்: மேலே இலையின் கிசுகிசுப்பு, கீழே கழிகள் உரசும் கிறீச். இரவில் அந்தக் கிறீச் சிலருக்குப் பயம். பாம்புக் கதைகளும் உடன் வரும். நட்டால் வேலியோரம் வரிசையாக நடாமல், பெஞ்சிலிருந்து ஏழெட்டு மீட்டரில் ஒரு புதராக வையுங்கள். காது அருகில் இருந்தால்தான் அது சாலையோடு போட்டி போட முடியும்.

இலைச் சத்தம் உச்சத் தொனிக்காரியம். லாரியின் உறுமலை அது மூடாது. செண்டைமேளத்துக்கு முன்னால் புல்லாங்குழல் மாதிரி. ஆனால் பக்கத்து பெஞ்சில் ஒருவர் போனில் வீடியோ பார்ப்பதை, டயர் இரைச்சலின் மேல்பகுதியை அது பூசி மெழுகும். அதைவிட முக்கியமாக, மனம் பிடித்துக்கொள்ள ஒன்றைக் கொடுக்கும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் ஓர் இலைகூட அசையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றிப் பேசும்போது யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காற்று அடிக்கும் திசையில் ஒலி தரையை நோக்கி வளைந்து வருகிறது. எதிர்க்காற்றில் மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. சாலைக்குக் கிழக்கே இருக்கும் பூங்காவுக்கு ஆனி, ஆடியில் சாலை கிட்ட வந்தது போலிருக்கும், கார்த்திகை, மார்கழியில் விலகிப் போனது போலிருக்கும். மேற்கே இருந்தால் தலைகீழ். சாலையை ஒட்டி 50 மீட்டருக்குள் இது பெரிதாகத் தெரியாது. தூரத்தில் ஓடும் நெடுஞ்சாலை விஷயத்தில் நன்றாகவே தெரியும். வாளையார் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பவர்கள் இதைப் பாடம் படிக்காமலே சொல்வார்கள். காற்றில்லாத விடியற்காலையிலும் இப்படித்தான்: தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் இருப்பதால் சத்தம் வளைந்து நெடுந்தூரம் வரும். ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பறவைகள். இயற்கை ஒலி கேட்கும்போது பதற்றத்திலிருந்து மீள்வது வேகமாகிறது என்று 2010இல் ஸ்வீடனில் தோலின் மின்கடத்தலை அளந்து காட்டினார்கள். 40 பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனை. 2021இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அமெரிக்கக் கட்டுரையில், மனநிலையை உயர்த்துவதில் தண்ணீர்ச் சத்தமும் எரிச்சலையும் அழுத்தத்தையும் குறைப்பதில் பறவைச் சத்தமும் முன்னால் நின்றன. திசை உறுதி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்ப் பூங்காவில் எவ்வளவு பலன் தரும் என்பதை அதிலிருந்து கணக்கிட முடியாது. எல்லாப் பறவையும் இதமும் அல்ல. காக்கைகள் அடையும் மரத்தடியில் சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். மயிலுக்கென்று சூலன்னூரில் சரணாலயமே வைத்திருக்கிற மாவட்டம் இது. இப்போது மயில் வயலுக்கும் தோப்புக்கும் தாராளமாக வருகிறது. பார்க்க அழகு, விடிகாலை ஐந்து மணிக்கு அகவினால் அழகு இல்லை.

பறவை வர வேண்டுமானால் சாப்பாடும் மறைவும் வேண்டும். அத்தி, ஆல் வகை ஒன்று இருந்தால் குக்குறுவான் வரும்; அதன் ஒரே சீரான குரல் கோடை மத்தியானத்தின் வெற்றிடத்தை நிரப்பும், இலை அசையாத நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். பட்டுப்போன கிளையில் பொந்து குடைந்துதான் அது கூடு வைக்கிறது, ஆகவே ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில் ஒன்றிரண்டு பட்ட கிளைகளை விட்டுவையுங்கள். இடுப்புயரப் புதர் அடர்ந்து இருந்தால் தையல்சிட்டும் செம்போத்தும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் வரும். கத்தரித்துக் கத்தரித்து பெட்டி மாதிரி ஆக்கிய வேலியில் ஒன்றும் வராது. சாலைச் சத்தம் பறவைகளையும் மாற்றுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில், சத்தம் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவி இனம் ஒன்று தன் பாட்டின் அடித்தொனியை உயர்த்திக்கொண்டதை 2003இல் பதிவு செய்தார்கள். ஆகவே மண்மேட்டுக்குப் பின்னால் அமைதியான மூலையைப் புதருக்குக் கொடுங்கள், அங்கிருந்து கேட்கும் தூரத்தில் பெஞ்ச்.

தண்ணீர் விஷயத்தில் எல்லோருக்கும் ஆசை அதிகம். சாலைச் சத்தத்தைத் தண்ணீரால் மூடியதற்குப் பெயர்போன உதாரணம் நியூயார்க்கின் பேலி பார்க். 1967இல் திறந்த, ஒரு வீட்டு மனை அளவே உள்ள இடம். பின்சுவர் முழுக்க 6 மீட்டர் உயர அருவி. நகரத்தின் நடுவில் அது வேலை செய்கிறது. அதே முறையை நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் கரண்ட் பில் வரும்போது நின்றுவிடும். தென்கொரியாவில் செய்த ஆய்வுகளில், தண்ணீர்ச் சத்தம் சாலைச் சத்தத்துக்குச் சமமாகவோ அதற்கு 3 டெசிபெலுக்கு மிகாமல் குறைவாகவோ இருந்தால் மக்களுக்குப் பிடித்தது. பெரிய அருவியைவிட ஓடை மாதிரி மெல்ல ஓடும் தண்ணீரையே மக்கள் விரும்புகிறார்கள் என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. தண்ணீர் கல்லில் விழுந்தால் உச்சத் தொனி, ஆழமான தொட்டியில் விழுந்தால் கொஞ்சம் கனத்த தொனி. பெரும்பாலான நீரூற்றுகளில் அடித்தொனி போதாது, எனவே எஞ்சின் உறுமல் அடியில் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பெஞ்சிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில், ஒரு கையளவு தண்ணீர் மூன்று நான்கு படிகளில் கல்லில் இறங்கினால் உங்கள் அளவுக்குப் போதும். அங்கே உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேச முடிய வேண்டும், கத்திப் பேச வேண்டியிருந்தால் தண்ணீரும் இன்னொரு பஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். மோட்டாரைத் தூரத்தில், மூடி வையுங்கள். தண்ணீர்ச் சத்தத்தைவிட மோட்டார் சத்தம் கூடுதலாகக் கேட்கும் நீரூற்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடாத தொட்டி கொசுத் தொட்டி. டெங்கு காலத்தில் சுகாதாரத் துறை வந்து கவிழ்த்துவிடும். பராமரிக்க ஆள் இல்லையென்றால் தண்ணீரை மறந்துவிட்டு அந்தப் பணத்தில் மண்மேடு போடுங்கள். பூங்கா ஓரமாகக் கனால் வாய்க்கால் ஓடினால் அதில் நாலு கல்லைப் போட்டு ஒரு சின்ன வீழ்ச்சி உண்டாக்க நீர்ப்பாசனத் துறையிடம் கேட்டுப் பார்க்கலாம். செலவே இல்லை, வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதங்களில் மட்டும் கேட்கும்.

ஸ்பீக்கரில் பறவைச் சத்தம். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகருக்கு அருகே காட்டுப் பாதையில் ஸ்பீக்கர்களை ஒளித்து வைத்துப் பறவைப் பாட்டு போட்டார்கள். கேட்டு நடந்தவர்கள் கூடுதல் நிறைவாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். 2020இல் வெளிவந்த ஆய்வு. அங்கே அது சோதனைக்காகச் செய்தது, நடந்தவர்களுக்குத் தெரியாது. உங்கள் பூங்காவுக்கு ஒரே ஆட்கள் தினமும் வருவார்கள். ஒரு வாரத்தில் ஒலிநாடா திரும்பத் திரும்ப ஓடுவது தெரிந்துவிடும். மார்கழியில் குயில் கூவினால் ஊர்க் கிழவர்களே சிரிப்பார்கள். உண்மையான பறவைகளும் அந்தக் குரலை எதிரி எல்லைக்குள் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அலைபாயும். ஆறே மாதத்தில் அதே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டும் வார்டு கவுன்சிலர் பிறந்தநாள் வாழ்த்தும் வரும். வேண்டாம்.

பூங்காவுக்கு வருகிறவர்களும் சத்தம்தான், அவர்களைச் சேர்க்காமல் கணக்குப் போடக் கூடாது. கலிஃபோர்னியாவின் மியூர் வுட்ஸ் காட்டில் ‘அமைதிப் பகுதி’ என்று பலகை வைத்த நாட்களில் வருகையாளர் சத்தம் சுமார் 3 டெசிபெல் குறைந்தது. நம்மிடம் பலகைக்கு அவ்வளவு மரியாதை கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இடத்தைப் பிரித்து வைப்பதை அதைவிட நம்புகிறேன். ஊஞ்சலும் சறுக்கும் சாலைப் பக்கம் மேட்டின் ஓரத்தில் இருக்கட்டும். பிள்ளைகளின் கூச்சல் சாலையோடு கலந்து அதைக் கொஞ்சம் மறைக்கும், அது யாருக்கும் அவ்வளவு எரிச்சலும் இல்லை. சாயங்காலம் அரசியல் பேசுகிற பெரியவர்களுக்கு வட்டமாக ஓர் இடம். தனியாக உட்காருபவருக்கு உள்ளே ஒரு மூலை. ஆனால் அந்த மூலையை முழுக்க அடைத்துவிடாதீர்கள். பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், பொழுது சாயும் நேரத்தில் மனிதக் குரலே கேட்காத இடம் அவர்களுக்கு அமைதியாக இருக்காது. நாலு பேர் பேசும் குரல் கேட்கும் தூரத்தில் அந்தப் பெஞ்ச் இருக்க வேண்டும். மேடு போடும்போதும் அந்த மூலையைச் சுற்றி அடைத்துவிடாதீர்கள், பூங்காவின் மற்ற இடங்களிலிருந்து பார்த்தால் அது தெரியட்டும்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். மீட்டரை வீட்டில் வைத்துவிட்டு, காலை ஆறு, மத்தியானம், சாயங்காலம் என்று உட்கார்ந்து என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பூங்காவுக்கு வரும் இரண்டு மூன்று பேரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், ஒரு பெண்ணும் ஒரு சிறு பிள்ளையும் அதில் இருக்கட்டும். பட்டியல் முழுக்க வண்டியாக இருந்தால் எங்கே தொடங்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அடுத்து பெஞ்சுகளை உள்ளே தள்ளித் திருப்பிப் போடுங்கள். வாய்க்கால் தூர்வாரிய மண் கிடைத்தால் மேடு. மழைக்கு முன்னால் அரசும் அத்தியும் புதர்களும். மூங்கிலும் தண்ணீரும் அதற்குப் பிறகு, காசும் ஆளும் இருந்தால்.

உங்கள் இடம் சாலைக்குக் கிழக்கா மேற்கா, சாலையிலிருந்து பின்வேலி வரை எத்தனை மீட்டர், பஸ் அங்கே நிற்குமா அல்லது கடந்து போகுமா என்று எழுதுங்கள். பஸ் ஸ்டாப் பூங்கா வாசலிலேயே இருந்தால், மேட்டுக்கு முன்னால் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து அதை ஐம்பது மீட்டர் தள்ளி வைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.